கொலுப்படியில் ஒரு படகு

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்களை எந்த ஊர்ச் சந்தையிலும் பார்க்கலாம். கம்ப்யூட்டரின் மெமரி சிப்பை அதே மாதிரி வாங்கிய மனுஷி, நான் அறிந்தவரை, மாட்டுங்கா மாமி ஒருவர்தான். பம்பாய் லாமிங்டன் ரோட்டில் ஒரு சிறிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சேட் ஒரு கை சிப்பை எடுத்து வைப்பார். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதன் பூச்சிக்கால்களை விரலால் தடவிப் பார்ப்பார்.

“இதுக்கு ஒரு கால் வளைஞ்சிருக்கு. வேற குடுக்கச் சொல்லு.”

சொல்ல வேண்டியது நான். மாமிக்கு என்னைவிட நன்றாகவே ஹிந்தி வரும். ஆனாலும் பேரம் பேசும்போது நடுவில் ஓர் ஆள் இருப்பதுதான் கௌரவம் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

“அரே ஆன்ட்டி, யே சிப் ஹை, பிண்டி நஹி ஹை!” என்று சேட் தலையில் கை வைத்துக்கொள்வார். சிப்பம்மா இது, வெண்டைக்காய் இல்லை என்கிறார். மாமி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பவர் சப்ளை பெட்டி என்றால் மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். ஃப்ளாப்பி டிரைவ் என்றால் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பார், பீரோ வாங்குகிறவர் மாதிரி. கடைசியில் சேட் கும்பிட்டுவிட்டு உள்ளே போய் இன்னொரு டப்பாவைக் கொண்டுவருவார். அதிலிருந்துதான் மாமி வாங்குவார்.

எண்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டில் பேயிங் கெஸ்ட். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவள், கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாமியின் வீடு மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்; ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. மாமா பேங்கில் ஹெட் கிளார்க். பிள்ளைகள் இல்லை. ஹாலில் ஒரு நல்ல சாப்பாட்டு மேஜை இருந்தது, ஆனால் அதில் சாப்பிட்டவர் யாரும் இல்லை. அதன்மேல் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. மாமா கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரசம் சட்டையில் சிந்தாமல் சாப்பிடும் வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கணக்கு எழுதவோ, ஜாதகம் போடவோ அந்தக் கம்ப்யூட்டர் வரவில்லை. விளையாடுவதற்காக மட்டுமே வந்தது. மாமி அதை ஒளிக்கவும் இல்லை.

நான் வருவதற்கு முன்பே நடந்த கதை இது, மாமாவே பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் பார்லர் இருந்தது. காலேஜ் பையன்கள் காசு போட்டு ஆடும் இடம். கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாமி ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தார். மறுநாள் தேங்காய்ப் பையை இடது கையில் மாட்டிக்கொண்டு வலது கையால் ஆடினார். பையன்கள் ‘ஆன்ட்டி, ஆன்ட்டி’ என்று வழிவிட்டார்கள். மாமி தோற்றார். தோற்றதும் பார்லர்காரரைக் கூப்பிட்டு, “இந்தப் பிடி லொடலொடன்னு ஆடறது. மாத்திக் குடுங்கோ” என்றார். அவர் மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்றார். மாமி பக்கத்து மிஷினில் ஆடித் தோற்றார். அதையும் மாற்றச் சொன்னார். பார்லரில் இருந்த மிஷின்கள் எல்லாம் தீர்ந்ததும், “நான் ஆத்துலயே ஒண்ணு கட்டிக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மாமியை ஒரு வரியில் சொல்வதென்றால் இதுதான்: தவறு எப்போதும் சாமானில். சாமானாக இருந்தால் மாற்றிவிடலாம். தோசை பிய்ந்தால் கல் சரியில்லை, சுருதி விலகினால் சுருதிப் பெட்டி சரியில்லை. பம்பாயில் வீடு வீடாகக் கூடையோடு வந்து, பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் உண்டு. எங்கள் கட்டடத்துக்கு வருகிற பாத்திரக்காரி மாமியைக் கண்டாலே கூடையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். போன தடவை வாங்கிய டபராவைக் கொடுத்து இந்தத் தடவை ஜாடியாக மாற்றிக்கொள்கிற ஒரே வாடிக்கை மாமி.

“மாத்திக்கலாம், அதுக்கென்ன” என்பது அவர் மந்திரம். நான் என் செருப்பு கடிக்கிறது என்றாலும், என் மேனேஜர் கடிக்கிறார் என்றாலும் பதில் அதுவேதான்.

மாமி ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ஓர் ஆறு. அதில் ஒரு சின்னப் படகு. பாறைகளுக்கும் முதலைகளுக்கும் நடுவே அதை இடமும் வலமும் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டு போனால், ஆற்றின் முடிவில் ஒரு துறைமுகம் வருமாம். வருமாம் என்றுதான் சொல்ல வேண்டும்; எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பாதி ஆறு தாண்டுவதற்குள் மாமியின் படகு பாறையில் மோதிவிடும். உடனே ஒரு சாமான் குற்றவாளிக் கூண்டில் ஏறும். முதலில் திரை. அது பச்சை ஒன்றே காட்டும் திரை: ஆறும் பச்சை, படகும் பச்சை, முதலையும் பச்சை. “எது முதலைன்னே தெரியலை, நான் என்ன பண்ணுவேன்?” என்று மாமி கேட்டதில் நியாயம் இருந்தது. கலர் கார்டு வந்தது. கார்டு வந்த பிறகுதான் பச்சைத் திரையில் கலர் தெரியாது என்று தெரிந்தது. மாமி கலங்கவில்லை. திரையும் மாறியது. படகு சிவப்பாயிற்று, முதலை நன்றாகத் தெரிந்தது, மாமி நேராக அதன் வாயில் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஜாய்ஸ்டிக் மாறியது. பிறகு ஜாய்ஸ்டிக்கே வேண்டாம், கீபோர்டுதான் நல்லது என்றாயிற்று. கீபோர்டு இரண்டு தடவை மாறியது.

“ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம்” என்று மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார்.

“உங்களையும் பாத்திரக்காரிகிட்ட கேட்டுப் பார்த்தாச்சு. ஒரு ஸ்பூன்கூடத் தர மாட்டேங்கறா” என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஊற்று தாராவியில் இருந்த பாய். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். தொண்ணூறடி ரோட்டில் அவருக்கு ஒரு பட்டறை. ஆபீஸ்கள் கழித்துப்போடும் மிஷின்களை மொத்தமாக எடுத்து, பிரித்து, ஓடுகிற சாமானைத் தனியாக விற்பவர். மாமியை அவரிடம் கூட்டிப்போனது நான்தான். சேட்டிடம் வாங்கிய சாமானை இவரிடம் மாற்றலாம் என்று தெரிந்ததும் மாமிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். காசே வேண்டாம், இதைக் கொடு, அதை எடு. பாய்க்கும் இது பிடித்திருந்தது. மிக்ஸிக்கு ஃப்ளாப்பி டிரைவ், தையல் மிஷினுக்குக் கலர் திரை. புத்தம்புதுக் கேபினெட் பெட்டி ஒன்றைக் கொடுத்து, பழைய தகரப் பெட்டி ஒன்றும் கூடுதல் மெமரியும் வாங்கி வந்தார் ஒரு முறை.

“மாமி, சாமான்ல ஒரு கொறையும் இல்ல. கையிலதான் கொஞ்சம் பதட்டம் இருக்கு” என்று பாய் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“எந்தக் கையில? பத்துப் பேருக்கு ஒத்தை ஆளா தோசை வார்த்த கை இது. நீங்க அந்தப் புது போர்டை எடுங்கோ.”

அந்த வருடம் நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, சாம்பார் மாமாவின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. மாமா தட்டைக் கீழே வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இத்தனை சாமான் மாத்தியும் உன் படகு கரை சேரலை. விஜயதசமிக்குள்ள சேர்ந்தா சரி. இல்லேன்னா பாத்திரக்காரியை நானே கூப்பிடுவேன். பெட்டி, திரை, ஒயர் ஒண்ணு விடாம அவ கூடையில போட்டுட்டு, ஒரு அடுக்குப் பாத்திரம் வாங்கி வெச்சுட்டு, என் மேஜையில உக்காந்து சாப்பிடுவேன்.”

“சரி” என்றார் மாமி.

அத்தனை சுலபமாகச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பாயிடம் பார்த்து வைத்திருந்த புது மதர்போர்டு மனசில் இருந்தது. பழையதைவிடப் பல மடங்கு வேகம் என்று பாய் சொல்லியிருந்தார். மாமிக்கு அதுவே போதும்.

மகாளய அமாவாசை அன்று பாய் வந்து போர்டை மாற்றினார். கலசம் வைக்க நேரமாகிவிட்டது என்று மாமி அவசரப்படுத்தினார். திரையில் எழுத்து வந்தது, மிஷின் ‘பீப்’ என்றது, பாய் போய்விட்டார். அந்த வருடக் கொலுவில் கம்ப்யூட்டர்தான் நாயகம் என்று மாமி ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மேஜையையே கீழ்ப்படியாக்கி, வெள்ளைத் துணி விரித்து, தகரப் பெட்டியும் திரையும் அதில் ஏறின. பெட்டிக்கு மேல் செட்டியார் பொம்மையும் ஆச்சியும். வழக்கமாகச் செட்டியார் கடையில் அரிசியும் பருப்பும் வைப்பார்கள். மாமி சின்னக் கிண்ணங்களில் திருகாணி, பழைய சிப், ஒயர்த் துண்டு என்று பரப்பினார். செட்டியார் அதே தொந்தியோடு, அதே சிரிப்போடு, உதிரிபாக வியாபாரி ஆனார். கீபோர்டு மட்டும் கீழே ஒரு ஸ்டூலில்.

முதல் நாள் மாலை ஹால் நிறையப் பட்டுப்புடவை. ஆரத்தி ஆயிற்று, பாட்டு ஆயிற்று. சுண்டல் வருவதற்கு முன் மாமி ஸ்டூல் முன்னால் உட்கார்ந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டனைத் தட்டினார். படகு புறப்பட்டது. புறப்பட்டது என்று நாங்கள் ஊகித்துக்கொண்டோம். கண் இமைப்பதற்குள் பாறையில் மோதி ‘டொய்ங்’ என்று முடிந்துவிட்டது. மறுபடி தட்டினார். மறுபடி ‘டொய்ங்’.

“இவ்வளவுதானா?” என்றாள் ஒருத்தி.

“போர்டு சரியில்லை” என்றார் மாமி.

மறுநாள் காலை நான் தாராவிக்கு ஓடினேன். பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அது பழைய போர்டுக்குன்னு செஞ்ச வெளையாட்டும்மா. போர்டு ஓடுத ஓட்டத்துக்குத்தான் படகும் ஓடும். இது பேய் ஓட்டம்லா ஓடுது! உள்ள ரெண்டு ஊசி இருக்கு. அதுல ஒரு கம்பியக் கோத்துட்டா வேகம் கொறஞ்சிரும். நல்ல பெட்டின்னா அதுக்கு வெளியவே ஒரு பட்டன் இருக்கும். அந்தப் பெட்டியத்தான் மாமி எங்கிட்ட குடுத்துட்டுத் தகரத்தத் தூக்கிட்டுப் போயிட்டாவளே.”

ஸ்க்ரூடிரைவரும் ஒரு துண்டுக் கம்பியும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கொலுவுக்கு முன்னால் நின்றார். பெட்டியைப் பார்த்தார். பெட்டிமேல் இருந்த செட்டியாரைப் பார்த்தார்.

“மூடியத் தெறக்கணும்னா இவுகள எறக்கணுமே மாமி.”

கொலுவில் ஏற்றியதை விஜயதசமி முடிகிறவரை அசைக்கக் கூடாது. நாத்திகர் வீட்டுக் கொலுவிலும் அசைக்க மாட்டார்கள்.

“படியில இருக்கறதை நகர்த்தப்படாதுன்னு உங்கம்மா சொல்லியிருக்கா, இல்லையோ?” என்றார் மாமா. அந்த முகத்தில் அவ்வளவு பக்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமி செட்டியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றிவிடுகிற அந்த மனுஷிக்கு, செட்டியாரை ஒரு ஜாண் நகர்த்தக் கை வரவில்லை. பாய் சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தசமி ராத்திரி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தசமி ராத்திரிக்குள் எல்லாம் பாத்திரக்காரி கூடைக்குப் போயிருக்கும். அது மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் மாமி படியில் இல்லாததையெல்லாம் மாற்றினார். ஸ்டூலை மாற்றினார். பல்பை மாற்றினார். சுண்டல் எண்ணெய் விரலில் வழுக்குகிறது என்று தாளிப்பதையே நிறுத்தினார். அந்தச் சுண்டலை யாரும் மறக்கவில்லை. படகு ‘டொய்ங்’ என்றது. வந்த பெண்களோ இதையே ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை உட்கார்ந்து, ஒரு ‘டொய்ங்’ வாங்கிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி எழுந்தார்கள். பக்கத்து வடாலாவிலிருந்தெல்லாம் வந்தார்கள். வெற்றிலைபாக்கு வாங்க வந்தவர்கள் வரிசை மாடிப்படி வரை நின்றது. சிரிப்பில் சேராதவர் மாமி ஒருவர்தான்.

ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். மாமி தனியாக உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, எல்லாச் சாமானும் சரியாத்தான் இருக்கு போலருக்கு.”

“அப்ப என்ன மாமி கோளாறு?”

“அப்போ... நான்தான்.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தேன், அதற்குள் மாமி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“சரி. மாத்திக்கலாம், அதுக்கென்ன.”

அன்று முதல் மாமி திரையை நம்புவதை விட்டார். பாறைகள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வருகின்றன என்று கண்டுபிடித்தார். கண்ணுக்கு எட்டாத வேகம். ஆனால் கீர்த்தனையை யாராவது கண்ணால் பார்த்துக்கொண்டா பாடுகிறார்கள்? இடது பக்கம் திரும்புவது ‘ஸா’. வலது பக்கம் ‘பா’. பாறை பாறையாக மோதி மோதி, ஆற்றையே ஸ்வரமாக்கி மனப்பாடம் செய்தார். ஸாஸா பா, ஸா பாபா. பூரி இடும்போது அதுதான், கோலம் போடும்போது அதுதான். குளியலறையிலிருந்தும் ஆறு ஓடிவந்தது. மாமா பேப்பரைக் காதுவரை தூக்கிக்கொண்டார். மாமியின் படகு பாதி ஆற்றைத் தாண்டியது, முக்கால் ஆற்றைத் தாண்டியது. கடைசியில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைத் தாண்டுவதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

அன்று புத்தகம், கருவி எதையும் தொடக் கூடாது. பூஜையில் வைத்தது மறுநாள்தான் கைக்கு வரும். கீபோர்டுக்குச் சந்தனம், குங்குமம். மாமி நாள் முழுக்க மடியிலேயே தாளம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஆறு பாடினார்.

விஜயதசமி காலையில் பாத்திரக்காரி வந்துவிட்டாள். மாமா சொன்னபடி கூப்பிட்டிருந்தார். வாசற்படியில் கூடையை இறக்கி, பளபளவென்று ஓர் அடுக்கை எடுத்து முன்னால் வைத்தாள். மாமி அதைப் பார்க்காத மாதிரி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தார். மாமா கைகட்டி நின்றார். நான் செட்டியாரைக் கும்பிட்டேன், வேறு யாரைக் கும்பிடுவது என்று தோன்றவில்லை.

முதல் தடவை ‘டொய்ங்’. சந்தனம் காய்ந்து கீபோர்டில் ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டுதான் காரணம் என்று மாமி சொல்லியிருக்கலாம், அன்று அது உண்மையும்கூட. ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, மறுபடி தட்டினார்.

ஸாஸா பா. ஸா பாபா. சிவப்பாக ஏதோ கோடு ஒன்று திரையில் நெளிந்தது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமியின் உதடு முணுமுணுத்தது, விரல் துள்ளியது. முக்கால் ஆறு போயிற்று. முதலை வந்தது. மாமியின் உதடு நின்றது. மறந்துவிட்டார்!

“பா! பா! பா ஸா!” என்று ஒரு கத்தல்.

மாமா. கைகட்டை அவிழ்த்துவிட்டு, நுனிக்காலில் எழும்பி, அவருடைய பேங்க் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். பேப்பருக்குப் பின்னாலிருந்த காதில் ஆறு முழுவதும் இறங்கியிருக்கிறது. மாமியின் விரல் அந்தச் சொல்லுக்குத் தானாகவே ஓடியது.

படகு நின்றது. திரையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்குக் கோபுரம். ஒரு கொடி. மூன்று ‘பீப்’.

வாசலிலிருந்து பாத்திரக்காரி கை தட்டினாள். “ஏக் பார் அவுர், மாமி!” இன்னொரு தடவை ஆடச் சொல்கிறாள். மாமி என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் மேல்படியில் ஒரு மரப்பாச்சி அசைந்தது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். கூப்பிட்டவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று தன்னுடைய இரண்டு பேண்ட்டையும் சாம்பார் பட்ட அந்தச் சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். அடுக்கு கிடைக்கவில்லை. அகலமான ஒரு தட்டு கிடைத்தது. மடியில் வைத்துச் சாப்பிட வசதியாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஆரத்தி எடுத்த பிறகு பாய் வந்தார், சொன்னபடி கம்பித் துண்டோடு.

“இப்ப செட்டியார எறக்கலாம்லா மாமி? ரெண்டு நிமிசம். படகு பழையபடி மெதுவா ஓடும்.”

மாமி பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“வேண்டாம் பாய். அப்படியே இருக்கட்டும்.”

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நாங்கள் மூன்று பேருமே கேட்டதில்லை. மாமாவுக்கு விட மனசில்லை.

“ஏன், கூடம் கோணல் இல்லையா இப்போ?”

“கோணல்தான்” என்றார் மாமி. “நான் ஆடக் கத்துண்டுட்டேன்.”